சாவு வீட்டில் நடந்த வாதம்

இறந்தவருக்கு அப்புறமும் ஏதோ ஒரு வாழ்வு உண்டு என்ற எண்ணத்துக்குப் புதுச்சேரிக் கிராமங்களில் கிடைத்த மிகப் பழைய சான்று மண்ணுக்கடியில் இருந்து வந்தது. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள சுத்துக்கேணியிலும் நகரத்தை ஒட்டிய முத்திரப்பாளையத்திலும் பெருங்கற்கால ஈமக்காடுகள் இருந்தன. அரிக்கமேட்டை 1940-களின் பிற்பகுதியில் அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-மாரி கசால் இவற்றையும் ஆராய்ந்தார். தாழிகள், சுடுமண் ஈமப்பேழைகள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள் ஆகியவற்றோடு சுத்துக்கேணியில் தங்க நகைகளும் கிடைத்தன. உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படக்கூடிய தங்கத்தை யாரோ மனமறிந்து மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். இறந்தவருக்கு அது தேவைப்படும் என்று நினைத்தார்களா, அவருடையதைத் திரும்ப எடுப்பது தகாது என்று நினைத்தார்களா என்பதைச் சொல்ல எழுத்து எதுவும் இல்லை. இரண்டில் எதுவானாலும், சாவோடு எல்லாம் தீர்ந்துபோகிறது என்று அவர்கள் நடந்துகொள்ளவில்லை.

சாவோடு எல்லாம் தீர்ந்துபோகிறதா என்ற கேள்வி வாதமாக எழுதப்பட்டது தென்பெண்ணைக் கரையில். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவதும் அதே ஆற்றிலிருந்துதான்; சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் அதைக் கொண்டுவருகிறது. ஆற்றோரமாக மேற்கே உள்ள திருவெண்ணெய்நல்லூரில் 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் இருந்தார். அவருடைய மாணவரான திருத்துறையூர் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், மாற்றுக் கொள்கைகள் பதினான்கை ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்லி மறுக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர் உலகாயதர். உயிர் என்று தனியாக ஒன்றும் இல்லை, பூதங்கள் கூடியதால் அறிவு தோன்றுகிறது, அவை பிரிந்தால் அறிவும் இல்லை என்பது அவர் வாதம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேரும்போது எதிலும் இல்லாத சிவப்பு உண்டாகிறதே, அதுதான் உலகாயதர் வழக்கமாகக் காட்டும் உதாரணம். மறுக்கப்போகும் கொள்கையை அதன் சொந்த வலிமையோடு முதலில் சொல்லவிட்டுப் பிறகே பதில் சொல்லும் இந்த முறை மதிப்புக்குரியது. இன்றைய மேடைகளில் அது அரிது.

ஊர் வழக்கம் நூல்களைக் கேட்டு நடப்பதில்லை. வில்லியனூர், பாகூர் பக்கத்து இந்துக் குடும்பங்களின் சாவுச் சடங்கில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல நம்பிக்கைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வாய்க்கரிசி போடுவது, இறந்தவருக்கு இன்னும் பசி உண்டு என்ற எண்ணத்தில். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது, போகிற வழி இருட்டு என்ற எண்ணத்தில். கொள்ளி வைப்பவர் தோளில் சுமக்கும் மண்குடத்தில் மூன்று சுற்றுக்கு மூன்று ஓட்டை போட்டு, கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் போட்டு உடைப்பது, உறவு அறுந்துவிட்டது என்று இறந்தவருக்கே தெரிவிப்பதற்காக. மறுநாள் பால் தெளிப்பு. பதினாறாம் நாள் கருமாதி. அன்று படையலில் இறந்தவருக்குப் பிடித்த பண்டங்கள் எல்லாம் இருக்கும். வெற்றிலைப் பிரியராக இருந்தால் வெற்றிலையும், சுருட்டுப் பிடித்தவராக இருந்தால் சுருட்டும். உறவை அறுத்துவிட்டவர்களே பதினாறு நாள் கழித்து அவருக்குப் பிடித்ததைத் தேடித் தேடி வாங்கி வைக்கிறார்கள். தர்க்கத்தில் இது முரண். பெற்றவளைப் பறிகொடுத்த வீட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரியாது.

சாம்பல் போகும் இடம் பெரும்பாலும் சங்கராபரணி. வில்லியனூருக்கு அருகே ஆற்றங்கரையில் உள்ள திருக்காஞ்சி, முன்னோர்க்குத் திதி கொடுக்கும் தலம். அஸ்தியோடு வந்த ஒருவர் இங்கே கலயத்தைத் திறந்தபோது எலும்பு பூவாக இருந்தது என்பது தலக்கதை. காசியைவிட வீசம் அதிகம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். மாசி மகத்துக்கும் அமாவாசைகளுக்கும் கூட்டம் வரும். 2023 ஏப்ரலில் இங்கே புஷ்கரணி விழா தொடங்கி நடந்தபோது பன்னிரண்டு நாளும் ஆற்றில் இறங்கியவர்கள் ஏராளம்.

இந்தப் பழக்கம் முழுவதையும் ஒருசேர மறுத்த குரல் வடலூரிலிருந்து வந்தது. 1823-இல் மருதூரில் பிறந்த இராமலிங்க சுவாமிகள், இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்றார். கருமாதி, திதி எதுவும் செய்யாதீர்கள் என்றார். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்காதீர்கள் என்றார். இவற்றுக்கு அடியில் இருந்த கொள்கை, மனிதன் இறந்தே ஆகவேண்டும் என்பது விதி அல்ல என்பது. உயிர்களிடம் இரக்கமும் இடைவிடாத வழிபாடும் கூடினால் இந்த உடம்பே அழியாத உடம்பாகும் என்றும், அருட்பெருஞ்ஜோதி வெளிப்படும்போது இறந்தவர்களும் எழுவார்கள் என்றும் அவர் போதித்தார். அதைத்தான் சன்மார்க்கத்தார் மரணமிலாப் பெருவாழ்வு என்கிறார்கள். எழப்போகிறவரின் உடம்பை எரிக்கக் கூடாது என்பது இந்த நம்பிக்கையிலிருந்து நேராக வரும் முடிவு.

அவரை எதிர்த்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், இராமலிங்கரின் பாடல்களுக்கு அருட்பா என்ற பெயர் பொருந்தாது என்று எழுதினார். 1869-இல் அந்தத் தகராறு பாகூருக்குத் தெற்கே, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. சாவைப் பற்றிய வாதம் அங்கே நடக்கவில்லை. ஆனால் எது அருள்வாக்கு, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற அந்தச் சண்டையின் சூடு இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஆறவில்லை.

1867 மே 23 அன்று வடலூரில் பசித்தவர்க்குச் சோறு போடும் தருமச்சாலை தொடங்கியது. 1872 ஜனவரியில் சத்திய ஞான சபை. 1874 ஜனவரி 30 இரவு, மேட்டுக்குப்பத்தில் சித்தி வளாகம் எனப்படும் வீட்டின் அறைக்குள் இராமலிங்கர் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டை 1878-இல் வெளியிட்ட கார்ஸ்டின் என்ற ஆங்கிலேய அதிகாரியும் இந்தச் செய்தியை அதில் பதிவு செய்தார். உடம்போடு ஒளியில் கலந்தார் என்று ஒரு தரப்பும், இறந்தார் அல்லது மறைந்துபோனார் என்று இன்னொரு தரப்பும் அன்றிலிருந்து பேசிவருகின்றன. ஒன்றை மட்டும் இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன: சாவே இல்லை என்று சொன்ன அந்த மனிதர் முதலில் கட்டியது சபையை அல்ல, சோற்றுச் சாலையை. இந்த வரிசையில்தான் அவருடைய கொள்கையின் பொருள் இருக்கிறது. பசியால் வரும் சாவைத் தடுக்க முயலாதவன் சாகாக் கலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை அவர் செய்து காட்டினார்.

புதுச்சேரி நகரத்தில், சாவைக் கடக்கலாம் என்ற இதே எண்ணம் வேறு மொழியில் பேசப்பட்டது. 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்த அரவிந்தர், சாவு இயற்கையின் மாறாத சட்டம் அல்ல, உடம்பும் உருமாற முடியும் என்றார். 1950 டிசம்பர் 5 அதிகாலையில் அவர் இறந்தார். உடல் டிசம்பர் 9 மாலை வரை வைக்கப்பட்டு, பிறகு ஆசிரம முற்றத்தில் சமாதி செய்யப்பட்டது. அந்த நாட்களில் உடல் சிதையவில்லை என்பதை அடியவர்கள் ஒளி இறங்கியதன் அடையாளமாகக் கொண்டார்கள். கொள்கையை ஏற்காதவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: பிறகு ஏன் இறந்தார்? 1973 நவம்பர் 17-இல் அவருடைய ஆசிரமத்தை நடத்திய அன்னையும் மறைந்தபோது அதே கேள்வி மீண்டும் வந்தது. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியும் அமரத்துவத்தை நம்பியவர். 1921 ஜூலை இறுதியில் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் மனிதனுக்கு மரணமில்லை என்ற தலைப்பில் பேசினார். ஆறு வாரத்தில், செப்டம்பரில், இறந்தார். அவர் சொன்னது பொய்த்தது என்று இதை வைத்து முடிவு கட்டுபவர்கள் உண்டு. நோயும் வறுமையும் வாட்டிய ஓர் உடம்பிலிருந்து அந்தப் பேச்சு வந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வில்லியனூர் பக்கத்தில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இந்த வாதத்துக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். 1870-களில் எழுந்த வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் உடலின் உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் நம்புவதாக அறிக்கையிடுகிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியும் பூவும் கொண்டு குடும்பத்தோடு கல்லறைக்குப் போகிறார்கள். சுல்தான்பேட்டை முஸ்லிம்கள் இறந்தவரைக் கபனிட்டு, கூடுமானவரை அன்றைக்கே அடக்கிவிடுகிறார்கள். மறுமை நாளில் எழுப்பப்படுவோம் என்பது அவர்கள் நம்பிக்கை. உடம்பை எரிக்காமல் மண்ணில் வைத்துக் காத்திருப்பதில் இவர்கள் இருவரும் வடலூராரும் ஒரே பக்கம். மூவரையும் இந்த வகையில் சேர்த்துப் பார்ப்பது ஊரில் யாருக்கும் வழக்கமில்லை.

மறுபக்கத்தில் சுயமரியாதைக்காரர்கள். 1891-இல் புதுச்சேரியில் பிறந்து பல ஊர்களில் தமிழாசிரியராக இருந்த பாரதிதாசன், 1964-இல் இறக்கும்வரை ஆன்மா, மோட்சம், மறுபிறவி மூன்றையும் மறுத்து எழுதினார். அவரைப் படித்து வளர்ந்த ஆசிரியர்கள் கிராமங்களில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் கருமாதி கிடையாது, படத்திறப்பு நடக்கும். இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு, அவரைப் பற்றி நாலு பேர் பேசி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள்.

இந்தக் கொள்கைகள் எல்லாம் ஒரே வீட்டு முற்றத்தில் மோதிக்கொண்டதை, பாகூர் ஏரிக்குக் கிழக்கே உள்ள ஓர் ஊர்க்காரர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1980-களில் அங்கே ஒரு மூதாட்டி இறந்தார். அவருடைய தம்பி வெள்ளை உடுத்திய சன்மார்க்கத்தார். ஜோதி நாட்களில் வடலூர் போகத் தவறாதவர். மூத்த மகன் விவசாயி. இளைய மகன் பள்ளி ஆசிரியர், சுயமரியாதைக்காரர். இதை எழுதுபவர் அப்போது அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். பந்தல் காலடியில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர்.

இறந்த அன்று புதைப்பதா எரிப்பதா என்று பேச்சு எழுந்தது. தாய்மாமன் வார்த்தைக்கு இந்தப் பக்கத்தில் எடை அதிகம். அவர் புதைக்கச் சொன்னார். இளையவர், புதைத்தால் என்ன, எரித்தால் என்ன என்றார். கணவரை எரித்த இடத்திலேயே தன்னையும் வைக்கவேண்டும் என்று அந்த அம்மா மூத்த மருமகளிடம் சொல்லியிருந்தார். அது தெரிந்ததும் எரிப்பதென்று முடிவாயிற்று. பெரிய வாதம் அதற்குப் பிறகு, கருமாதியைப் பற்றிப் பேசக் கூடிய அன்று நடந்தது.

தாம்பாளத்திலிருந்த வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஆசிரியர் ஆரம்பித்தார். "வெத்தலையும் சேப்பு இல்ல, பாக்கும் சேப்பு இல்ல, சுண்ணாம்பும் சேப்பு இல்ல மாமா. மென்னா சேக்குது. துப்பிட்ட அப்புறம் அந்தச் சேப்பு எந்த லோகத்துக்குப் போச்சுன்னு கேப்பீங்களா?" அருணந்தி சிவாச்சாரியாரைப் படித்துத்தான் அவர் அதைச் சொன்னாரா என்பது தெரியாது. மாமன் உடனே கேட்டார்: "மெல்லறவன் யாரு மாப்ள?" கூட்டம் சிரித்தது. ஆசிரியர் விடவில்லை. "அந்த மெல்லறவனும் சாவறான் இல்ல?" என்றார். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாவறான். அதான் மாப்ள, சாவாம இருக்க ஐயா வழி தேடுனாரு" என்றார். குரல் உடைந்திருந்தது. செத்துப்போனது அவருடைய அக்கா என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது போலச் சிரிப்பு அடங்கியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த வாதத்தில் முக்கியமானது. சாவே இல்லை என்ற மாமனும், சாவுக்குப்பின் எதுவுமே இல்லை என்ற மருமகனும் கருமாதி வேண்டாம் என்பதில் ஒன்றாக நின்றார்கள். ஐயருக்கும் கூத்துக்கும் போகிற பணத்தில் ஊருக்குச் சோறு போடலாம் என்று இருவருமே சொன்னார்கள். கொள்கையின் இரண்டு முனைகளும் அடுப்படியில் வந்து சேர்ந்தன. அதுவரை வாய் திறக்காத மூத்தவர், "நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. நீங்க நம்பறதை உங்க சாவுக்கு வெச்சிக்குங்க. எங்கம்மா கூத்து வெக்கச் சொன்னாங்க, கூத்து வெப்பேன். சோறும் போடுவேன்" என்றார். மாமன் தலையசைத்தார். வாதம் அத்தோடு நின்றது.

கருமாதி இரவில் வைக்கும் கூத்து கர்ண மோட்சம். பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளிலும் புதுச்சேரிக் கிராமங்களிலும் இது நீண்ட வழக்கம். இறந்தவர் மோட்சம் அடைய, பாரதக் கதையில் கர்ணன் மோட்சம் அடையும் பகுதியை விடியவிடிய ஆடுவார்கள். போருக்குப் புறப்படும் கர்ணனைப் பொன்னுருவி தடுப்பதும், அம்பு தைத்து விழுந்தவனிடம் கிழப் பிராமணனாக வரும் கண்ணன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்பதும் இதன் உச்சம். அந்த இரவில் முகவீணையும் மிருதங்கமும் கட்டைத் தாளமும் ஓயாமல் ஒலித்தன. விடியற்காலையில், கிரீடமும் புஜக்கட்டையும் பளபளக்கக் கர்ணன் தேர்ப்பலகையிலிருந்து சரிந்தபோது, அதுவரை தூங்கி வழிந்த பெண்கள் எழுந்து கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மூத்த மகன் போய் வேஷக்காரர் மேல் கோடித் துணி போர்த்தினார். அவர் பார்வையில் அந்த நேரத்தில் கிடந்தது கர்ணன் அல்ல, தாய். ஆசிரியர் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். மோட்சத்தை அவர் அன்றைக்கும் நம்பவில்லை, பிறகும் நம்பவில்லை. பெரியவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருப்பதையெல்லாம் கொடுத்தவனுக்குத்தான் மோட்சம் என்று கூத்துக்காரனும் சொல்கிறான் என்றார்.

நித்திய வாழ்வு உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அந்த முற்றத்தில் தீர்ப்பு கிடைக்கவில்லை. ஆனால் மற்றொன்றில் தீர்மானம் இருந்தது: இறந்தவர் எதை நம்பினாரோ அதற்கு அவர் சாவில் முதலிடம், மற்றவர் கொள்கை எவ்வளவு உயர்ந்ததானாலும் அதற்குப் பின்னால்தான். பல மேடை விவாதங்களைக் காட்டிலும் இது நேர்மையான முடிவு. தங்கள் கொள்கையை நிலைநாட்ட உறவினரின் பிணத்தைப் பயன்படுத்துபவர்கள் எல்லா மதத்திலும் உண்டு, மதமறுப்பாளரிலும் உண்டு. அவர்கள் வாதத்தில் வெல்லலாம். அந்த வீட்டில் இருக்கும் துக்கத்துக்கு அவர்களால் எந்த நன்மையும் இல்லை.

அந்த ஆசிரியர் பிற்காலத்தில் தன் கண்களைத் தானமாக எழுதிவைத்தார். அப்போது எழுந்த எதிர்ப்பு பழைய வாதத்தின் தொடர்ச்சிதான். கண்ணை எடுத்துவிட்டால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார் என்றார்கள் சிலர்; எழுப்பப்படும் நாளில் உடம்பு குறையோடு இருக்குமே என்றார்கள் வேறு சிலர். எரிந்தும் மக்கியும் போகும் உடம்பை முழுதாக எழுப்பக்கூடியவருக்கு இரண்டு கண் ஒரு தடையா என்று கேட்டவர், அப்போது மிகவும் தளர்ந்துவிட்டிருந்த அதே தாய்மாமன். நம்பிக்கைக்குள்ளிருந்தே வந்த அந்தப் பதிலுக்கு யாரிடமும் மறுபேச்சு இருக்கவில்லை. ஆசிரியர் இறந்தபோது அவர் கண்கள் எடுக்கப்பட்டன. கருமாதி இல்லை, படத்திறப்பு நடந்தது. அண்ணன் பிள்ளைகள்தான் முன்னின்று செய்தார்கள்.

கண் தானத்துக்கு வயது தடையில்லை. கண்ணாடி போட்டவர்களும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் கொடுக்கலாம். எடுப்பதற்கு அரைமணி நேரம் போதும், முகம் விகாரப்படாது, செய்யவேண்டிய சடங்கு எதுவும் தடைப்படாது. ஒருவரின் கருவிழிகள் இருவருக்குப் பார்வை தரும். கிராமங்களில் இது தவறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மறுப்பு அல்ல, தாமதம். உங்கள் வீட்டில் சாவு நேர்ந்தால், இறந்தவருக்கு அதில் சம்மதம் என்பது தெரிந்திருந்தால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி அவற்றின் மேல் ஈரப்பஞ்சை வையுங்கள். தலையணை கொடுத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கவேண்டும் என்பதால், பந்தல்காரருக்குச் சொல்லும்போதே கண் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.